ரங்கத்துக்கு இரண்டு வழிகள்

அந்தமானின் ஜிர்காட்டாங் செக்போஸ்ட்டில் விடியும்போதே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஏறி ரங்கத் போகிறவர்கள், பாரட்டாங் சுண்ணாம்புக் குகையைப் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள், வடக்கே மாயாபந்தருக்குச் சரக்கு ஏற்றிய லாரிகள் என எல்லோரும் கான்வாய் கிளம்பக் காத்திருப்பார்கள். குறித்த நேரத்தில் தடுப்பு உயரும். போலீஸ் காவலோடு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, தின்பண்டம் எதுவும் கொடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கும் காடுதான். அது ஜாரவாப் பழங்குடி மக்களின் காடு.

ரங்கத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. அது கடலுக்கடியில் வருகிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் நிகோபார் கண்ணாடி இழை கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ளது. செலவு 1,224 கோடி ரூபாய். சென்னையில் புறப்படும் இந்தக் கேபிள் போர்ட் பிளேர், ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய எட்டு இடங்களைத் தொடுகிறது. அதற்கு முன்பு இந்தத் தீவுகள் செயற்கைக்கோளின் குறுகலான அலைவரிசையை நம்பியிருந்தன. தேர்வு விண்ணப்பம், வங்கிக் கணக்கு, தூரத்து டாக்டரிடம் ஆலோசனை எல்லாம் அந்த மெதுவான இணைப்பில்தான் நடந்தாக வேண்டும். கேபிள் வந்தது நல்லது. வந்தே ஆக வேண்டியது.

ஆனால் இந்த இரண்டாவது வழியில் செக்போஸ்ட் கிடையாது. சாலையில் ஒரு ஜாரவாப் பெண்ணைப் பார்த்து ஒருவர் கைப்பேசியை உயர்த்தினால் தடுக்க ஒரு காவலராவது இருக்கிறார். எடுத்துவிட்ட படம் கேபிளில் ஏறிப் போகும்போது தடுக்க யாருமில்லை. கணினி அறவியல் என்ற பெரிய தலைப்பில் உலகெங்கும் பேசப்படும் ஒப்புதல், தனியுரிமை, தளங்களின் பொறுப்பு, செயற்கை நுண்ணறிவின் பசி ஆகிய எல்லாமே ரங்கத்தை ஒட்டிய இந்தக் காட்டோரத்தில் ஒன்றுகூடி நிற்கின்றன. இங்கே சட்டம் எதுவரை வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சாலை வந்த கதை

ஜாரவா என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. அயலார் என்ற பொருளில் பக்கத்து இனத்தார் வைத்தது. அவர்கள் தங்களை 'ஆங்' என்கிறார்கள். 2001 கணக்கெடுப்பில் 240 பேர், 2011இல் 380 பேர். தென் அந்தமானிலும் நடு அந்தமானிலும் மேற்குக் கரையோரமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சதுர கிலோமீட்டர் காடு அவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1956இல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அனுமதியின்றி வெளியார் அங்கே நுழைவதைத் தடை செய்தது.

தடை ஒருபக்கம் இருக்க, அரசே அந்தக் காட்டின் ஓரத்தை வெட்டிக்கொண்டு அந்தமான் டிரங்க் ரோட்டைப் போட்டது. 1970களில் வேலை நடந்தபோது அம்புகள் பாய்ந்தன. இருபக்கமும் உயிர்கள் போயின. 1989இல் சாலை முழுமையடைந்தது. 1996இல் ரங்கத்துக்குத் தெற்கே கடம்தலா பக்கம் கால் முறிந்து கிடந்த ஜாரவாச் சிறுவன் ஒருவனைக் குடியேறிகள் கண்டெடுத்தார்கள். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் சில மாதங்கள் வைத்து வைத்தியம் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். மறு ஆண்டு, 1997 அக்டோபர் முதல், ஜாரவா மக்கள் வில் அம்பு இல்லாமல் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999இல் தட்டம்மை அவர்களைத் தாக்கியது. நெருக்கத்துக்கு என்ன விலை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், தான் நியமித்த ஷேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று, காப்புக்காட்டின் ஊடாகச் செல்லும் சாலைப் பகுதியை மூட உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் மக்களுக்கு அந்தச் சாலை ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் அங்காடிக்கும் போகும் வழி. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களும், தமிழகத்திலிருந்தும் ராஞ்சியிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்களும் அங்கே மூன்று தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. சாலையால் வந்த கேட்டுக்கு அதில் பயணம் செய்கிற ஏழைப் பயணியைவிட, அதைத் திட்டமிட்டவர்களும் அதைக் காட்சிப்பொருளாக விற்றவர்களுமே பொறுப்பு.

'பழைய படம்தானே'

2012 ஜனவரியில் 'தி அப்சர்வர்' என்ற பிரிட்டிஷ் வார இதழ் வெளியிட்ட செய்தியும் வீடியோவும் உலகையே திரும்பிப் பார்க்கவைத்தன. சாலையோரம் ஜாரவாப் பெண்களை, தின்பண்டத்தைக் காட்டி, ஆடச் சொல்லும் குரல் ஒன்று அதில் கேட்டது. தேசிய அளவில் கொந்தளிப்பு எழுந்தது. அப்போது அந்தமான் நிர்வாகம் சொன்ன முக்கியமான பதில், இது பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட படம் என்பது.

அந்தப் பதிலை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் அச்சான படம் பழசாகும், மங்கும், அலமாரிக்குள் போகும். எண்ணிமப் படத்துக்கு வயது ஏறுவதே இல்லை. எடுத்த நாளில் இருந்த அதே கூர்மையோடு பத்து ஆண்டு கழித்தும் புதிதாக ஒருவர் கண்முன் விரியும். அந்தப் பெண்கள் ஒருமுறை ஆடினார்கள். படம் அவர்களை இன்னும் ஆட்டிக்கொண்டே இருக்கிறது. கொடுமையை அம்பலப்படுத்திய செய்திச் சேனல்களும் அதே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டின. அம்பலப்படுத்தாவிட்டால் நிர்வாகம் அசைந்திருக்காது என்பதும் உண்மை. அம்பலப்படுத்திய விதமே காயத்தை நீட்டியது என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்ளாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது.

அதே 2012இல் 1956ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கூட்டப்பட்டன; சில குற்றங்களுக்கு ஏழு ஆண்டு வரை சிறை. காப்புக்காட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் இடைப்பட்ட வளையத்தில் வணிகச் சுற்றுலாவுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையில் சுற்றுலாக்காரர்கள் போவதையே தடுத்தது; ஓரிரு மாதங்களில் அந்தத் தடை தளர்ந்தது. 2017இல் தேசியப் பழங்குடியினர் ஆணையம் யூட்யூபில் கிடந்த ஜாரவா வீடியோக்களை நீக்கும் பிரச்சினையைக் கையில் எடுத்தது. சாலையில் தொடங்கிய கவலை ஐந்து ஆண்டுகளில் இணையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

2025 மார்ச் 29 அன்று 24 வயது அமெரிக்க யூட்யூபர் ஒருவர் தடையை மீறி, வெளியுலகோடு பேசாத இன்னொரு பழங்குடி வாழும் வடக்கு சென்டினல் தீவின் மணலில் இறங்கினார். ஒரு தேங்காயையும் ஒரு கோலா டின்னையும் வைத்துவிட்டு, நடந்ததைக் கேமராவில் பதிவு செய்துகொண்டு திரும்பினார். இரண்டு நாளில் கைதானார். முந்தைய பயணம் ஒன்றில் பாரட்டாங்கில் ஜாரவா மக்களை வீடியோ எடுத்ததாகவும் போலீஸ் தெரிவித்தது. 2018இல் அதே தீவுக்குப் போய் இறந்த இளைஞருக்கு மதப்பரப்பு என்ற நோக்கம் இருந்தது. இந்தப் பயணியின் கையிலோ கேமரா இருந்தது. வெளியுலகோடு பேசாத மக்களை முதலில் பார்த்தவர் என்ற பெயருக்கு இன்று இணையத்தில் ஒரு சந்தை இருக்கிறது. அந்தச் சந்தைதான் கடலைக் கடக்கத் தூண்டுகிறது.

சட்டம் நின்றுவிடும் இடம்

இந்திய அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவை எடுத்துப் படித்தால் இந்தச் சிக்கலின் வேர் தெரியும். நாட்டில் எங்கும் போய்வரும் உரிமையை அது குடிமக்களுக்குத் தருகிறது. கூடவே ஐந்தாம் உட்பிரிவில், பழங்குடியினரின் நலனைக் காப்பதற்காக அந்த உரிமைக்கு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. ஜிர்காட்டாங் தடுப்பு சாசனத்தின் இந்த வரியில்தான் ஊன்றி நிற்கிறது.

அதே 19ஆம் பிரிவு கருத்து வெளிப்பாட்டு உரிமையையும் தருகிறது. அதற்கு வரம்பு விதிக்கக்கூடிய காரணங்கள் இரண்டாம் உட்பிரிவில் பட்டியலாக இருக்கின்றன: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். பழங்குடியினரின் நலன் இந்தப் பட்டியலில் இல்லை. காலால் நடப்பவரைத் தடுக்கச் சாசனம் நேரடியாக வழி சொல்கிறது. படத்தைப் பரப்புகிறவரைத் தடுக்க வேறு கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் தட்டப்படுவது ஆபாசம் என்ற கதவு. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு ஆபாசத்தைப் பரப்புவதைத் தண்டிக்கிறது. ஆனால் இந்த வழி எனக்கு உறுத்துகிறது. ஜாரவாப் பெண் உடை உடுத்தாமல் தன் காட்டில் நிற்பது ஆபாசமாகாது. அது அவள் வாழும் விதம். ஆபாசப் பிரிவின் கீழ் புகார் கொடுக்கும்போது குற்றம் பார்ப்பவனின் கண்ணிலிருந்து அவளுடைய உடம்புக்கு இடம் மாறிவிடுகிறது. காப்பாற்றப் போன சட்டமே அவளை இழிவுபடுத்தும்.

இரண்டாவது கதவு 66ஈ பிரிவு. ஒப்புதலின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுத்தாலோ பரப்பினாலோ மூன்று ஆண்டு வரை சிறை. நல்ல பிரிவுதான். ஆனால் ஒருவர் தன் உடம்பின் எந்தப் பகுதி பிறர் கண்ணில் படாது என்று எதிர்பார்க்கிறாரோ, அந்த எதிர்பார்ப்பின் மீது அது கட்டப்பட்டிருக்கிறது. ஆடையே மறைப்பு, ஆடையே எல்லை என்ற நகரத்து எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஜாரவா மக்களுக்கு ஆடை எல்லையாக இருந்ததில்லை, காடுதான் எல்லை. நமக்கு வீட்டுக் கதவு எதுவோ அவர்களுக்கு மரங்களின் வரிசை அது. அந்தக் கதவின் நடுவே நாம் தார்ச்சாலை போட்டோம். பிறகு, சாலையில்தானே நின்றார்கள், பொதுஇடம்தானே என்று வாதாடுகிறோம்.

பதிப்புரிமைச் சட்டம் இன்னும் நேரடியானது. படத்துக்கு ஆசிரியர் அதை எடுத்தவர். அவர் வாழ்நாள் முழுக்கவும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை அவர் பக்கம். படத்தில் இருக்கிறவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. திருட்டுத்தனமாக எடுத்தவர் உரிமையாளராகவும், எடுக்கப்பட்டவர் வெறும் பொருளாகவும் ஆகிவிடுகிறார்கள்.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. அதன் தொடர்ச்சியாக 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. ஒப்புதல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அது அழகாகவே வரையறுக்கிறது. கட்டாயமில்லாமல், இன்ன காரியத்துக்கென்று குறிப்பாக, விவரம் அறிந்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தரப்பட வேண்டும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி இருக்க வேண்டும். ஜாரவா மொழி அந்த அட்டவணையில் இல்லை. அதற்கு எழுத்தும் இல்லை. குழந்தைக்குப் பெற்றோரும், சில வகை மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டப்படியான காப்பாளரும் பேசச் சட்டம் இடம் தருகிறது. ஒரு சமூகம் மொத்தமாகச் சேர்ந்து மறுப்பதற்கு இடம் தரவில்லை. தனிநபர் தன் சொந்தத் தேவைக்காகக் கையாளும் தரவும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. பேருந்து ஜன்னல் வழியே எடுத்துத் தன் கைப்பேசியில் வைத்துக்கொள்கிற பயணி அந்த இடைவெளிக்குள் வசதியாக உட்கார்ந்துகொள்ளலாம்.

ஏற்றிய படம் எங்கே போகிறது

ஒரு வீடியோவை ஏற்றியவுடன் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். தளம் அதை வெவ்வேறு அளவுகளில் பல பிரதிகளாக மாற்றுகிறது. அதிலிருந்து ஒரு சிறு முகப்புப் படத்தை உருவுகிறது. பிரதிகள் பல தரவு மையங்களில் சேமிக்கப்படுகின்றன. பார்வையாளர்கள் அதிகமுள்ள ஊர்களுக்கு அருகே இன்னும் சில பிரதிகள் வைக்கப்படுகின்றன. பார்த்தவர் எத்தனை விநாடி நின்று பார்த்தார் என்று பரிந்துரை இயந்திரம் கணக்கெடுக்கிறது. அதிக நேரம் நிறுத்திவைக்கும் வீடியோவை அடுத்தவருக்கு நீட்டுகிறது. அதற்கு ஜாரவா யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளும் தேவையும் இல்லை. யாரோ ஒருவர் பதிவிறக்கித் தன் கணக்கில் மறுபடி ஏற்றுகிறார். இன்னொருவர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மூல வீடியோவை நீக்கினாலும் கிளைகள் தழைத்துக்கொண்டே இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இன்னொரு படி சேர்ந்திருக்கிறது. படம் வரையும் மாதிரிகளைப் பழக்க, பொதுவெளியில் கிடக்கும் படங்களும் அவற்றின் குறிப்புகளும் கோடிக்கணக்கில் வாரி எடுக்கப்படுகின்றன. 2022இல் வெளியான லயான் என்ற தொகுப்பில் மட்டும் 585 கோடி இணைகள். எந்தப் படத்துக்கும் யாரிடமும் தனியாகக் கேட்பதில்லை. இப்படிப் பழகிய மாதிரி, ஒரு காட்டு மனிதரைக் காட்டு என்று கேட்டால் எதை வைத்து வரையும்? சாலையோரத்தில் பிஸ்கட்டுக்குக் கையேந்தவைக்கப்பட்ட காட்சிகளை வைத்து வரையும் ஆபத்து வெளிப்படையானது. அவமானப்பட்ட ஒரு நொடி அந்த இனத்தின் முகமாகவே ஆகிவிடலாம்.

தளங்களால் தடுக்க முடியாதா? முடியும். 2007 முதல் யூட்யூபில் 'கன்டென்ட் ஐடி' என்ற முறை இருக்கிறது. ஒரு சினிமாப் பாட்டின் சில விநாடிகளை யாராவது தன் வீடியோவில் சேர்த்தால் இயந்திரம் அடையாளம் கண்டு உரிமையாளருக்குச் சொல்லிவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகைபோல ஒரு குறியீட்டைக் கணக்கிட்டு, அதே கோப்போ அதன் சாயலோ மறுபடி ஏறும்போது தடுக்கும் நுட்பமும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களை அப்படித்தான் தடுக்கிறார்கள். பாட்டுக்குக் கிடைத்த காவல் ஒரு மனிதக் கூட்டத்துக்குக் கிடைக்கவில்லை என்றால், குறை நுட்பத்தில் இல்லை. யாருக்காகக் காவல் போடுவது என்று முடிவெடுத்தவர்களிடம் இருக்கிறது.

முதல் கேமரா

இந்தக் கதை கைப்பேசியோடு தொடங்கவில்லை. 1880இல் பிரிட்டிஷ் அதிகாரி மாரிஸ் விடால் போர்ட்மன் வடக்கு சென்டினலில் ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். முதியவர்கள் இருவரும் நோயில் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப்பொருள்களோடு திருப்பி அனுப்பினார்கள். அதே போர்ட்மன் 1890களில் அந்தமான் பழங்குடிகளைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி, அளவெடுத்து, படம் பிடித்தார். அந்தப் படங்கள் இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் நின்ற கிரேட் அந்தமானியர் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள். 1961 கணக்கெடுப்பில் 19 பேர்தான் மிஞ்சினார்கள். மக்கள் குறையக் குறையப் படங்கள் பத்திரமாகின.

அதற்காகப் பதிவே கூடாது என்று சொல்ல மாட்டேன். கிரேட் அந்தமானிய மொழிகளில் ஒன்றான 'போ' மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவரோடு பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசி அந்தக் குரலைப் பதிவு செய்திருந்தார். பேச ஆளில்லாத மொழியைப் பேசியவர் அந்த மூதாட்டி; கேட்க ஒருவர் வந்தார் என்பதால் அவர் பேசினார். அந்தப் பதிவு இல்லையென்றால் ஒரு மொழி ஒலியின்றி மறைந்திருக்கும். அங்கே கருவி அவர் விருப்பத்துக்குப் பணி செய்தது. போர்ட்மனின் கட்டத்திரைக்கும் அன்விதா அப்பியின் ஒலிப்பதிவுக்கும் இடையிலுள்ள தூரம்தான் கணினி அறவியலின் தூரம். கருவி இரண்டிலும் உண்டு. யாருடைய விருப்பம் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

வேறு நாடுகளில் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக்கில் வருமுங்கு மக்களோடு சேர்ந்து 2007இல் உருவான முகுர்த்து என்ற மென்பொருள், எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகத்தின் மரபுப்படியே வகுக்க விடுகிறது. இறந்தவரின் படமா, பெண்கள் மட்டும் அறியவேண்டிய சடங்கா என்று பார்த்து அது கதவைத் திறக்கும், மூடும். நியூசிலாந்தின் தே ஹிக்கு மீடியா மாவோரி மொழிப் பேச்சுப் பதிவுகளைச் சேகரித்து, அவற்றைப் பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைக்க மறுத்துத் தாங்களே மொழிக் கருவிகளைச் செய்தது. 2019இல் உலகப் பழங்குடித் தரவுக் கூட்டணி கேர் என்ற நான்கு நெறிகளை முன்வைத்தது: கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம். தரவு தனிநபருக்கு மட்டும் சொந்தமானதில்லை, ஒரு சமூகத்துக்கும் சொந்தம் என்பதே இவற்றின் சாரம்.

கேட்காமல் எடுத்த முடிவு

ஆனால் மாவோரி மக்களுக்கு வானொலி நிலையம் இருக்கிறது, பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஜாரவா மக்களுக்கு இணையம் என்றால் என்ன என்றே நம்மால் விளக்கிவிட முடியாது. தன் உருவம் ஒரு கண்ணாடித் துண்டுக்குள் ஏறி, கடலுக்கடியில் போய், முகமறியாத லட்சம் பேர் முன் நாளும் தோன்றும் என்பதை ஒருவர் விளங்கிக்கொள்ளாமல் சிரித்தால், அந்தச் சிரிப்பு ஒப்புதல் ஆகாது. வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டதும் ஒப்புதல் ஆகாது. அப்படியென்றால் அவர்களுக்காக யார் பேசுவது?

தமிழருக்கு இந்தக் கேள்வியின் வலி புதிதல்ல. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த யாரையும் கேட்கவில்லை. அவர்கள் சார்பில் இரண்டு அரசுகள் சம்மதித்தன. அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் இதே அந்தமான் நிகோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வந்து இறங்கினார்கள். இன்று இந்தத் தீவுகளில் வங்க மொழிக்கும் இந்திக்கும் அடுத்து அதிகம் பேசப்படும் தாய்மொழி தமிழ். சார்பாகப் பேசுகிறேன் என்று சொல்லி ஒரு மக்களின் வாழ்வை மாற்றிவிட்டால் அது தலைமுறைக்கும் தொடரும் என்பதை நம்மவர் அனுபவித்தே அறிந்திருக்கிறார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து ஒரு நெறியை எடுத்துக்கொள்ள முடியும் என்று நம்புகிறேன். பேச முடியாத ஒருவர் சார்பாக நாம் மறுக்கலாம்; அவர் சார்பாகச் சம்மதிக்கக் கூடாது. மறுப்பு எதையும் முடித்துவிடுவதில்லை. நாளை அவரே பேச வரும்போது மறுப்பை விலக்கிக்கொள்ளலாம். சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது, குறிப்பாக எண்ணிம உலகில். வெளியே போன படம் வெளியே போனதுதான். 2025 ஜனவரியில் ஜாரவா மக்கள் 19 பேருக்கு வாக்காளர் அடையாள அட்டை வழங்கப்பட்டது. அரசின் பதிவேட்டிலும் அவர்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். நாளை ஒரு ஜாரவா இளைஞர் தன் கையில் கைப்பேசியோடு தன் பெயரைத் தேடிப் பார்க்கும் நாள் வரலாம். அன்று அவர் கண்ணில் முதலில் படப்போவது எது என்பதை இன்று நாம் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம்.

செய்யக்கூடியவை

முதலாவது, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்ச்சொல் 'நுழைவு'. காப்புக்காட்டு மக்களின் உருவத்தை அவர்களே கேட்காமல் ஏற்றுவதும் பரப்புவதும் அதிலிருந்து பணம் ஈட்டுவதும் நுழைவே என்று சட்டம் தனியாகச் சொல்ல வேண்டும். எடுத்த நாளைக் குற்ற நாளாகக் கணக்கிடாமல் ஒவ்வொரு ஏற்றத்தையும் புதிய குற்றமாகக் கொண்டால் 'பழைய படம்தானே' என்ற சாக்கு செல்லாது. ஆபாசம் என்ற சொல்லை அங்கிருந்து விலக்கி, கண்ணியம், தனியுரிமை, பழங்குடி நலன் ஆகியவற்றின் மேல் அதை எழுத வேண்டும்.

இரண்டாவது, தளங்கள். நீக்கப்பட்ட ஜாரவா, சென்டினல் வீடியோக்களின் குறியீடுகளை ஒரு பட்டியலாக வைத்து மறுபடி ஏறாமல் தடுப்பது இன்றைய நுட்பத்தில் சாத்தியம். இப்படிப்பட்ட வீடியோக்களுக்கு விளம்பர வருமானத்தை நிறுத்துவது அதைவிட எளிது. கொடுமையை அம்பலப்படுத்தும் செய்தியாளருக்கு விலக்கு வேண்டும். ஆனால் முகமும் உடம்பும் தெரியாமல் மறைத்துக் காட்டும் கடமையும் அவருக்கு வேண்டும். எந்தப் பயிற்சித் தரவிலும் இந்தப் படங்கள் சேரக் கூடாது என்பதைக் கொள்முதல் ஒப்பந்தங்களிலேயே அரசு எழுதலாம்.

மூன்றாவது, எழுத்து வடிவில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சின்ன வாசல். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒருவரின் உடம்பை உடையின்றி அல்லது அரைகுறையாகக் காட்டும் படத்தைப் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றன. புகாரைப் பாதிக்கப்பட்டவரே கொடுக்கலாம், அவர் சார்பாக வேறு எவரும் கொடுக்கலாம் என்பது விதி. சார்பாக மறுக்கும் உரிமையைச் சட்டம் அந்த ஒரு வரியில் நம் கையில் தந்திருக்கிறது.

அந்த வேறு எவராகவும் ரங்கத்தில் இருக்கும் யாரும் ஆகலாம். கான்வாயில் மாதம் இருமுறை போய்வரும் ஆசிரியர், கல்லூரிக்குப் போகும் பெண், லாரி ஓட்டுநர், கைப்பேசிக்கு ரீசார்ஜ் போடும் கடைக்காரர். ஜன்னலோரம் கைப்பேசியை எடுக்கும் சுற்றுலாக்காரரைப் பார்த்து 'வேண்டாம் தம்பி, உள்ளே வையுங்கள்' என்று சொல்லும் பழக்கம் அந்தப் பேருந்தில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வீடியோ வந்தாலும் அதே பழக்கம் வேண்டும்: அடுத்தவருக்கு அனுப்பாமல், தளத்தில் புகார் போட்டுவிட்டு, அழித்துவிட வேண்டும். ஜிர்காட்டாங்கில் தடுப்பை ஏற்றி இறக்க அரசு ஆள் போட்டிருக்கிறது. கேபிள் வந்து கரையேறும் ரங்கத்தில் அந்த வேலையை அந்த ஊர்க்காரர்களே செய்தாக வேண்டும்.